முன்னால் வரும் உதை

மார்ச் 3, திங்கள்

என் பெயர் குட்டியப்பன். இதை எழுதுவது நானேதான்.

இந்த இரண்டு வரிக்குள் டீ ஆறிவிட்டது. ஆறிய டீயையும் குடித்தேன். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

முதியோர் கல்வி வகுப்பு பூங்கோதை டீச்சர் சொன்னார்: "தினமும் ஒரு வரியாச்சும் எழுதுங்கய்யா. என்ன சமைச்சாங்கன்னு எழுதுனாலும் போதும்." இன்று கொள்ளுப் பருப்பு. எழுதிவிட்டேன்.

ஆனைமலைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு. தோப்புக்கு நடுவில் சாளை வீடு. அதில் நானும் மனைவி மாராத்தாளும் இருக்கிறோம். சாளை எங்களுடையது அல்ல, தோப்புக்காரர் சிவசண்முகத்துடையது. அவரைச் சின்னவர் என்போம். முன்பு மரம் ஏறினேன். முழங்கால் போன பிறகு எலி சுடுகிறேன். தென்னை உச்சியில் குடியிருக்கும் எலி, குரும்பையில் ஓட்டை போட்டுக் கீழே தள்ளிவிடும். அதைச் சுடத்தான் சின்னவர் பலமான ஸ்பிரிங் வைத்த ஏர்கன் வாங்கித் தந்தார். ஏர்கன் மேல் ஸ்கோப். தூரத்து எலியைப் பக்கத்தில் காட்டும் குழாய்க் கண்ணாடி அது. உள்ளே கூட்டல் குறி போல இரண்டு கோடுகள். கோடுகள் சேரும் இடத்தில் எலி வந்தால் விரலை அழுத்த வேண்டும்.

எலி என்று எழுதுவது சுலபம். ழ தான் கஷ்டம். வளைத்து வளைத்துக் கொண்டுபோனால் கடைசியில் வால் நீண்டு அதுவே எலி மாதிரி ஆகிவிடுகிறது. வாயிலும் வருவதில்லை, ள என்றுதான் வருகிறது. அதனால் மேலே கிழமை என்ற சொல்லை விட்டுவிட்டு வெறும் திங்கள் என்று போட்டேன். ஆனால் எழுதுவது என்ற சொல்லுக்குள்ளேயே ழ உட்கார்ந்திருக்கிறது. என்ன செய்ய?

மார்ச் 5, புதன்

எலி. எலி. எலி. எழுத்து நன்றாக வந்தது. எலிதான் வரவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஸ்கோப் போய்விட்டது.

சாயங்காலம் கயிற்றுக் கட்டிலை மரத்தடியில் போட்டு மல்லாந்து படுத்துச் சுட்டேன். மேலே பார்த்துச் சுட அதுதான் வசதி. கோடு எலியின் தோளில் இருந்தது, குண்டு மட்டையில் பட்டது. மறுபடி சுட்டேன். வானத்துக்குப் போனது.

"கண்ணு போச்சுதுங்களா?" என்றாள் மாராத்தாள்.

"கண்ணு போனா இத்தன சின்ன எழுத்து எப்பிடிப் படிப்பேன்?"

"நீங்க எழுதறது எங்க சின்ன எழுத்து? பக்கத்துக்கு அஞ்சு வரி."

தேங்காய் மட்டையில் கரியால் பொட்டு வைத்துச் சுட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு ஊருக்குப் போனது. ஸ்கோப்பைக் கழற்றிக் காதருகே ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம். கண்ணை வைத்தால் கூட்டல் குறி சாய்ந்து பெருக்கல் குறியாக நிற்கிறது. எனக்கு இரண்டு குறியும் தெரியும்.

சின்னவர் வந்து பார்த்தார். "குட்டியண்ணா, இது ரெண்டாவதுங்க. எலியால ஆகற சேதாரத்த விட எலி சுடற சேதாரம் பெருசா இருக்குது."

"ஏனோ ஒடையுதுங்க சின்னவரே. கீழ போடலைங்க, தட்டலைங்க."

"வைகாசி வெட்டு வரைக்கும் பாப்பனுங்க. குலை தேறுச்சுன்னா தோப்பு இருக்கும். இல்லீனா…"

"இல்லீனா என்னுங்க?"

"இல்லீனா இல்ல. அவ்வளவுதான்."

வைகாசி வெட்டு என்றால் வைகாசியில் காய் வெட்டுவது. எனக்கு இது கணக்கு மாதிரி தெளிவாக இருக்கிறது. ஸ்கோப் உடையாமல் இருந்தால் எலி சாகும். எலி செத்தால் குலை தேறும். குலை தேறினால் தோப்பு இருக்கும். தோப்பு இருந்தால் சாளை இருக்கும். எல்லாம் ஸ்கோப்பில் இருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

கோயம்புத்தூர் போனேன். பஸ் பலகையை நானே படித்து ஏறினேன். கண்டக்டரிடம், "இது உக்கடம் போகுமுங்களா?" என்று கேட்கவில்லை. "உக்கடம் ஒண்ணு குடுங்க" என்றேன். வாழ்நாளில் இந்த மாதிரி டிக்கெட் வாங்கியதில்லை.

உக்கடத்தில் அப்பாஸ் பாய் என்று ஏர்கன் பழுது பார்க்கிறவர். உடைந்த ஸ்கோப்பைக் காதில் வைத்து ஆட்டினார், என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பெரியவரே, லாரியில நின்னுட்டுப் போயிருக்கீங்களா?"

"காய் லோடு மேலயே போயிருக்கறனுங்க."

"வண்டி கெளம்பும்போது உங்களப் பின்னால தள்ளும். அதுக்குத் தயாரா கம்பியப் புடிச்சிருப்பீங்க. அதே டிரைவர் சடார்னு பிரேக் போட்டா?"

"முன்னால போயி மூக்கு பேந்துரும்."

"அதேதான். வெடிமருந்துத் துப்பாக்கி பின்னாடி மட்டும் ஒதைக்கும். சாதா ஸ்கோப்பு அதுக்குத் தயார் பண்ணுனது. உங்க ஸ்பிரிங் ஏர்கன் மொதல்ல பின்னாடி ஒதைக்கும். உள்ள பிஸ்டன் ஓடிப்போயி அந்தக் கோடியில முட்டி நிக்குது பாருங்க, அப்ப வண்டிக்குப் பிரேக் போட்ட மாதிரி முன்னாடி ஒரு ஒதை. கண்ணாடி, கோடு எல்லாம் அந்த ரெண்டாவது ஒதையிலதான் கழலுது."

இரண்டு பக்க உதையையும் தாங்கும்படி செய்த ஸ்கோப் ஒன்றை எடுத்துக் காட்டினார். சின்னவர் போனிலேயே சரி என்றார். அதைப் பிடிக்கும் இரும்பும் இரண்டு துண்டாக இல்லாமல் ஒரே கட்டையாக இருக்கிறது. கட்டைக்கு அடியில் சிறு முளை. ஏர்கன் முதுகில் இருக்கும் ஓட்டைக்குள் அந்த முளை இறங்கி உட்கார வேண்டும். அப்போதுதான் ஸ்கோப் நகர்ந்து போகாது.

பாய் இன்னும் சொன்னார். திருகாணியை ஒரே மூச்சில் இறுக்கக் கூடாது. லாரிச் சக்கரத்து நட்டு மாதிரி மூலைக்கு மூலை மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ரொம்ப இறுக்கினால் குழாயே நெளியும். முக்கியமாக, குண்டு போடாமல் சுடவே கூடாது. குண்டு இருந்தால் அதற்குப் பின்னால் காற்று அடைபட்டு பிஸ்டனுக்கு மெத்தை மாதிரி நிற்கும். இல்லாவிட்டால் இரும்பு இரும்பில் மோதும்.

"பின்னால வர்ற ஒதைய எவனும் தாங்கிருவான் பெரியவரே. முன்னால வர்றதுதான் ஆளக் கவுக்கும்" என்றார்.

இதை எழுத மூன்று நாள் ஆகிவிட்டது. தேதி பழையது, கை வலி புதியது.

மார்ச் 20, வியாழன்

ஸ்கோப் மாட்டியாயிற்று. முளை ஓட்டையில் டக் என்று உட்கார்ந்த சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

நகர்கிறதா என்று தெரிய ஒரு வழி கண்டுபிடித்தேன். மாராத்தாளின் சுண்ணாம்பு டப்பாவை எடுத்து, ஏர்கன் முதுகிலும் கட்டையிலும் சேர்ந்தாற்போல ஒரே கோடு இழுத்தேன். கட்டை துளி நகர்ந்தாலும் கோடு இரண்டாக விலகிக் காட்டிவிடும்.

"ஏர்கன்னுக்குச் சுண்ணாம்பு வெச்சாச்சு. வெத்தலையும் பாக்கும் வேணுமுங்களா அதுக்கு?" என்றாள்.

"மூணாவது ஸ்கோப்பு புள்ள. நல்லாப் பாத்துக்கோணும்."

"பாருங்க, பாருங்க" என்றாள். பரணிலிருந்து பெரிய அண்டாவை இறக்கிக்கொண்டிருந்தாள். திருப்பூரில் இருக்கும் எங்கள் மகள் சுலோச்சனா கேட்டாளாம். ஒரே அறையில் குடியிருக்கிறவளுக்கு அத்தனை பெரிய அண்டா எதற்கு என்று கேட்டேன். விசேஷம் ஏதாவது வரும் என்றாள்.

ஏப்ரல் 2, புதன்

சுட்டுவிட்டேன்! கோடு எங்கே இருந்ததோ அங்கேயே குண்டு போனது. எலி மட்டையில் வழுக்கி, கட்டிலுக்குப் பக்கத்தில் விழுந்தது. சுண்ணாம்புக் கோடு ஒன்றாகவே இருக்கிறது.

ஏப்ரல் 7, திங்கள்

தினமும் ஒன்றிரண்டு எலி விழுகிறது. கீழே விழும் குரும்பை குறைந்துவிட்டது. மேலேயும் குரும்பை குறைவுதான். கிழக்கு வரிசையில் பாளையே வரவில்லை. வெயில் அப்படி. கீழ் ஓலை மஞ்சளாகி, கீற்றெல்லாம் உள்பக்கம் மடங்கி விலா எலும்பு மாதிரி தெரிகிறது. அதுவும் வெயில்.

ஸ்கோப்பை மாராத்தாளின் பழைய நூல் சேலைத் துண்டால் துடைத்தேன். மல் துணியை விட அது மெது.

சேலைகளையும் அவள் மூட்டை கட்டி வைத்திருக்கிறாள். வெள்ளைப் பூச்சி வருகிறதாம்.

ஏப்ரல் 11, வெள்ளி

சின்னவரோடு விவசாய ஆபீசர்கள் வந்தார்கள். ஒரு மரம் விடாமல் அண்ணாந்து பார்த்தார்கள். எலி கடித்த குரும்பையை எடுத்துப் போய்க் காட்டினேன். அதில் ஒரு அம்மா வாங்கிப் பார்த்து, "நல்லாச் சுடுவீங்களாமே தாத்தா" என்றார். போகும்போது மரங்களில் சிவப்புப் பெயிண்டால் ஏதோ எழுதிவிட்டுப் போனார்கள்.

நான் கட்டிலில் இருந்தபடியே படித்தேன். யாரும் சொல்லித்தரவில்லை. வ-வுக்குத் துணைக்கால் போட்டால் வா.

வா!

அடுத்த மரத்திலும் வா. அதற்கடுத்ததிலும் வா. வாய்க்கால் வரைக்கும் நடந்துபோய்ப் பார்த்தேன். எல்லா மரமும் என்னை வா, வா என்கிறது. இத்தனை வருடம் ஏறினேன், ஒரு மரமும் வாயைத் திறந்து வா என்றதில்லை. படித்தவனைத்தான் மரமும் கூப்பிடும் போலிருக்கிறது.

ஓடிவந்து மாராத்தாளிடம் சொன்னேன்.

"எல்லாத்துலயுமா?"

"நம்ம சாளைக்கு முன்னால இருக்கறதத் தவிர எல்லாத்துலயும்."

"நல்லாப் படிச்சீங்க" என்று சொல்லி உள்ளே போனாள். திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது. புகை என்றாள். கேஸ் அடுப்பில் புகை வருமா? வரும் போலிருக்கிறது.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. பாயசம். வகுப்பில் டீச்சரிடம் மரங்கள் வா என்று கூப்பிடுவதைச் சொன்னேன். எல்லாரும் கை தட்டுவார்கள் என்று நினைத்தேன். டீச்சர் சாக்பீஸை உருட்டிக்கொண்டே நின்றார். பக்கத்து பெஞ்சு அருக்காணி அக்கா என் தோளில் கை வைத்து எடுத்தார்.

"அடுத்த எழுத்துக்குப் போலாமுங்கய்யா" என்றார் டீச்சர். "ழ. நாக்க மடிங்க. மேல தொடாம, உள்ளார இழுங்க."

மடித்தேன். "வாளப்பளம்" என்றேன். அப்போதுதான் எல்லாரும் கை தட்டினார்கள்.

மே 1, வியாழன்

லீவுக்குச் சின்னவரின் மச்சான் வந்திருந்தார். ஏர்கன்னை எடுத்து மடக்கி மடக்கிச் சும்மாவே சுட்டார். உள்ளே குண்டு இல்லை. டப். டப். ஒவ்வொன்றும் எனக்கு நெஞ்சில் விழுந்தது.

"குண்டு போடாமச் சுடாதீங்க சாமி! ஸ்கோப்பு பேந்துரும்."

"பேந்தாப் பேந்துட்டுப் போகுது தாத்தா. இனி எலியச் சுட்டு என்ன பண்றது? அதான் அடுத்த மாசம்…"

சின்னவர் அவரைப் பார்த்தார். அவர் ஏர்கன்னைக் கட்டிலில் வைத்துவிட்டு மோர் கேட்டார்.

அவர்கள் போன பிறகு பார்த்தேன். சுண்ணாம்புக் கோடு ஒரு தலைமுடி அளவு விலகியிருக்கிறது. திருகாணிகளைத் தளர்த்தி, முளையைப் பின்னால் ஒட்டி உட்கார வைத்து, மூலைக்கு மூலை இறுக்கி, புதுக் கோடு போட்டு, கரிப் பொட்டில் சுட்டுப் பார்த்தேன். பொட்டிலேயே பட்டது. பாய் கொடுத்தது நல்ல ஸ்கோப்.

அடுத்த மாதம் என்ன என்று நான் கேட்கவில்லை. அடுத்த மாதம் வைகாசி. காய் வெட்டு.

மே 6, செவ்வாய்

கீரை.

மே 9, வெள்ளி

மரம் எடுக்கிற காண்ட்ராக்டர் பொன்னுச்சாமி ஆட்களோடு வந்தார். ஒடிசாப் பக்கத்துப் பையன்கள். தோளில் மிஷின் வாள்.

"வா போட்டது பூராவும் எடுத்தர்றதுங்கொ" என்று சின்னவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் கட்டிலிலிருந்து எழுந்தேன். "வா-ன்னா என்னுங்க?"

பொன்னுச்சாமி என்னைப் பார்த்தார். "வாடலுங்க பெரீப்பா. கேரளா வாடல். முழுசா எழுதப் பெயிண்டுக்கு என்ன வந்துச்சு, மொத எழுத்தப் போட்டிருக்கறாங்க. இதுக்கு வைத்தியமில்லைங்க. வேரோட எடுத்தாத்தான் பக்கத்துத் தோப்பாவது பொழைக்கும்."

அப்படியென்றால் நான் படித்தது பாதி.

சின்னவர் பைக்கைத் தொட்டுக்கொண்டு நின்றார். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்கல்ல?" என்றேன்.

"எப்பிடிங்கண்ணா சொல்றது? நீங்க அத்தன சந்தோசமா ஸ்கோப்பத் தொடச்சிட்டு இருந்தீங்க."

"சாளை?"

"எடம் மொத்தமா வெல முடிஞ்சிருச்சுங்க. வாங்குனவங்க சுத்தமாக் கேக்கறாங்க." அப்புறம், "மாராத்தாக்காவுக்குத் தெரியுமுங்க" என்றார்.

இத்தனை வருடம் தென்னை ஏறியவன் நான். கீற்று மடங்கினால் என்ன என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கீற்றில் எழுதியிருக்கவில்லை.

பாய் சொன்ன லாரிக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். எலிப் பக்கம் பார்த்துப் பிடித்துவிட்டேன்.

மே 12, திங்கள்

கிழக்கு வரிசை முடிந்தது.

மே 13, செவ்வாய்

இருக்கிற எலியெல்லாம் சாளை முன் மரத்துக்கு வந்துவிட்டது. ஸ்கோப்பில் பார்த்தேன். மட்டை இடுக்கில் மூன்று முகம் தெரிந்தது. கோடு முதல் முகத்தின் மேல் நேராக நின்றது. சுடவில்லை. அவற்றுக்கும் சாளை போகிறது.

மே 15, வியாழன்

மாராத்தாளிடம் கேட்டேன், "எப்ப இருந்து தெரியும்?"

"அண்டா எறக்குனப்பவே."

"எங்கிட்டச் சொல்லியிருந்தா?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? எழுதியிருப்பீங்க."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் மட்டும் நிறுத்தாமல் சிரித்தாள், அது சிரிப்பு மாதிரி இல்லை. சோறு ஆறிவிட்டது. ஆறிய சோறு நன்றாக இல்லை.

மே 18, ஞாயிறு

சின்னவர் ஸ்கோப்பைத் தனியாகக் கேட்டார். ஏர்கன் ஒருவருக்கு, ஸ்கோப் வேறொருவருக்கு விற்கிறாராம். திருகாணிகளை மாட்டினது போலவே மூலைக்கு மூலை மாற்றித் தளர்த்தினேன். சுண்ணாம்புக் கோடு கடைசி வரை ஒன்றாகவே இருந்தது. கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறை கண் வைத்தேன். கூட்டல் குறி கூட்டல் குறியாகவே இருக்கிறது. ஆட்டினால் சத்தமில்லை.

"ஒரு சேதாரமும் இல்லைங்க" என்றேன்.

"தெரியுமுங்கண்ணா" என்று வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஸ்கோப்பைக் காப்பாற்றிவிட்டேன். இதை இங்கே எழுதி வைக்க வேண்டும்.

மே 19, திங்கள்

சாளை முன் மரத்துக்கும் நேற்று சாயங்காலம் வா போட்டுவிட்டார்கள். பெயிண்ட் டப்பாவை அடியிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். விடிந்ததும் எழுந்து, விரலைத் தோய்த்து, வா-வுக்குப் பக்கத்தில் ழ் எழுதினேன். மேலே புள்ளி வைத்தேன். இதுவரை என் ழ இப்படி வந்ததே இல்லை. வால் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. மாராத்தாள் வாசலில் நின்று பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "என்னன்னு எழுதியிருக்குது?" என்றும் கேட்கவில்லை.

ஒடிசாப் பையன் பிகாஷ் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தான். "தள்ளு தாத்தா" என்றான். வேலைக்கு வேண்டிய தமிழ் மட்டும் அவனுக்குத் தெரியும் என்று பொன்னுச்சாமி சொல்லியிருந்தார். தள்ளு, கயிறு, வெட்டு, வாள்.

நான் தள்ளவில்லை. எழுத்தைக் காட்டினேன். "படி."

தலையை ஆட்டினான். சிவப்பைக் காட்டினான். "செவப்பு. வெட்டு."

"இல்ல சாமி. புதுசா எழுதியிருக்கறன். நான் சொல்றேன், கேளு." நாக்கை மடித்தேன். மேலே தொடாமல் உள்ளே இழுத்தேன். டீச்சர் சொன்னபடியே எல்லாம் செய்தேன்.

"வாள்" என்றேன்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. தாத்தா கேட்டது அவனுக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த மிஷினை உயர்த்திக் காட்டினான்.

"வாள்! வாள்!" என்றான்.

தெரிந்த சொல்லைக் கண்டுபிடித்தால் வரும் சந்தோஷம் எனக்குத் தெரியும். அதை எப்படிக் கெடுப்பது?

"ஆமா சாமி" என்றேன். "அதேதான்."

கட்டிலை எடுத்துக்கொண்டு தள்ளி வந்தேன்.

மே 23, வெள்ளி. திருப்பூர்

மகள் வீடு. ஒரே அறை. அண்டாவைக் கவிழ்த்து அதன்மேல் நோட்டை வைத்து எழுதுகிறேன். ஜன்னலுக்கு எதிரே பெரிய சுவர், அதில் பெரிய பெரிய எழுத்தாக ஏதோ எழுதியிருக்கிறது. மாராத்தாள், "என்னன்னு படிங்க" என்றாள்.

முதல் எழுத்தைப் பார்த்தேன். வா. அப்புறம் ஜன்னலைச் சாத்திவிட்டேன்.